பார்க் பண்ணியாச்சா?

"ஏலே, வண்டியப் பார்க் பண்ணிட்டு வேகமா வா! நெல்லையப்பருக்கு அபிஷேகம் பண்ணப் போறாவ!" நெல்லை டவுண் ரத வீதியில இப்படி ஒரு குரலைக் கேட்டிருப்பீங்க. இதுல எத்தனை மொழி கலந்திருக்குன்னு கவனிச்சீங்களா, நேயர்களே?

பார்க், இங்கிலீஷ். அபிஷேகம், சமஸ்கிருதம். ரெண்டையும் தமிழா நடக்க வைக்கிறது நம்ம 'பண்ணு'தான். போன் பண்ணுனேன், பண்ணுதேன், பண்ணுவேன்... நேத்து, இன்னைக்கு, நாளைக்குன்னு காலம் காட்டுற வேலை முழுக்கத் தமிழோடது. இங்கிலீஷ் சொல்லு வந்த மேனிக்கு அப்படியே நிக்கும். அபிஷேகமும் பூஜையும் நுழைஞ்ச அதே வாசல் வழியாத்தான் பார்க்கிங்கும் உள்ளே வந்திருக்கு!

பிரிட்டன்ல வேல்ஸ் நாட்டுக்காரங்களும் சளைச்சவங்க இல்ல. வெல்ஷ் மொழி பேசும்போது, இங்கிலீஷ் சொல்லோட வால்ல ஒரு 'யோ' ஒட்டிடுவாங்க. பார்க் பண்றது அங்கே 'பார்க்யோ', போன் பண்றது 'ஃபோன்யோ'!

தமிழ் கெட்டுப்போச்சுன்னு பெரியவங்க சலிச்சுக்கிறதுல நியாயம் இருக்கலாம். ஆனா, இலக்கணம் என்னவோ அசைஞ்சு கொடுக்கல. இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்துல, உங்க வீட்டுப் பேச்சுல எத்தனை 'பண்ணு' விழுதுன்னு கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்களேன்.