ஐந்து வயல் சாட்சி போதுமா?

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில், சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது திருவெள்ளறை. வெண்பாறைக் குன்றின் மீது புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். அருகில் மண்ணச்சநல்லூர், அரிசி ஆலைகளுக்குப் பேர் போன ஊர். நெல்லைப் பற்றிப் பேசாமல் இந்த வட்டாரத்தில் எந்தப் பேச்சும் முடிவதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழுவதாக வைத்துக் கொள்வோம். புதிதாக ஒரு விதை நெல் வந்திருக்கிறது. பழைய விதையைவிட அது கூடுதலாக விளையுமா? ஐந்து விவசாயிகள் சோதித்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் வயலில் பாதியில் பழைய விதை, மறு பாதியில் புது விதை போடுகிறார்கள். அறுவடையானதும் ஏக்கருக்கு எத்தனை கிலோ வித்தியாசம் என்று பார்க்கிறார்கள். முதல் வயலில் 120 கிலோ கூடுதல். இரண்டாவதில் 40. மூன்றாவதில் 200. நான்காவது வயலில் 30 கிலோ குறைவு! ஐந்தாவதில் 170 கூடுதல்.

சராசரி, ஏக்கருக்கு 100 கிலோ லாபம்.

அப்படியானால் அடுத்த போகத்தில் ஊர் முழுவதும் புது விதைக்கு மாறி விடலாமா? மாறிய பிறகு விளைச்சல் குறைந்தால் என்ன செய்வது? கடன் வாங்கி விதை வாங்கியவர்களின் கதி என்ன? ஐந்து வயல்களின் சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இரண்டு கணக்கு, இரண்டு முடிவு

காலேஜில் புள்ளியியல் படிக்கும் பையனைக் கேட்டால் சொல்லுவான்: "சராசரி மட்டும் போதாது. வயலுக்கு வயல் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க வேண்டும்." அந்த மாறுதலின் அளவுக்குத் திட்ட விலக்கம் என்று பெயர். நம் ஐந்து வயல்களுக்கு அது 94.6 கிலோ. இதை 5-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 42.3 வருகிறது. சராசரியின் திட்டப் பிழை இதுதான்.

இனி இந்த 42.3-ஐ எந்த எண்ணால் பெருக்குவது? இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். மனப்பாடமாக இருக்கும் 1.96-ஐ எடுத்துப் பெருக்கினால் 83 வரும். உண்மையான லாபம் 17 கிலோவுக்கும் 183 கிலோவுக்கும் இடையில் இருக்கிறது என்று முடிவாகும். எப்படிப் பார்த்தாலும் லாபம்தான் என்று தோன்றும்.

ஆனால் அது தவறு. 1.96 என்பது ஏராளமான வயல்களைப் பார்த்தவர்களுக்கு உரிய எண். ஐந்தே வயல்களைப் பார்த்தவர் எடுக்க வேண்டியது 2.776. அதனால் பெருக்கினால் 117 வருகிறது. விடை தலைகீழாகிறது: 17 கிலோ நஷ்டத்திலிருந்து 217 கிலோ லாபம் வரை எதுவும் நடக்கலாம்!

100-க்கு 5 முறைதான் தவறுவோம் என்று நம்பிக்கொண்டு ஐந்து வயல்களுக்கு 1.96-ஐப் போடுகிறவர், உண்மையில் 100-க்கு 12 முறை தவறுவார். காரணம் எளிது. வயல்களின் மாறுதல் எவ்வளவு என்பதையே அந்த ஐந்து வயல்களிலிருந்துதான் ஊகித்தோம். அந்த ஊகமும் பிசகலாம் அல்லவா?

பெயரை மறைத்த மனிதர்

இந்த 2.776 எங்கிருந்து வந்தது? அயர்லாந்தில் டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுபான ஆலையிலிருந்து வந்தது என்றால் ஆச்சரியமாக இருக்கும்.

1876-இல் பிறந்த வில்லியம் சீலி காசெட் ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1899-இல் கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். நல்ல பார்லி எது என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. நம் நெல் விவசாயிகளின் சங்கடமே அவருக்கும் வந்தது. சோதனைகள் கொஞ்சம், எடுக்க வேண்டிய முடிவோ பெரிது. அக்காலத்துக் கணக்கு முறைகளோ நூற்றுக்கணக்கான அளவுகளைக் கேட்டன.

காசெட் ஒரு காரியம் செய்தார். 3,000 குற்றவாளிகளின் உயரமும் நடுவிரல் நீளமும் முன்பே அளந்து வெளியிடப்பட்டிருந்தன. அவற்றை அட்டைகளில் எழுதிக் குலுக்கி, நான்கு நான்காகப் பிரித்தார். 750 சிறு மாதிரிகள் கிடைத்தன. கணிதத்தால் தாம் கண்ட சூத்திரம் சரிதானா என்று இவற்றைக் கொண்டு சோதித்தார். 1908-இல் 'பயோமெட்ரிகா' என்ற சஞ்சிகையில் கட்டுரை வெளிவந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை அனுமதிக்கவில்லை. ஆகவே அவர் 'ஸ்டூடண்ட்', அதாவது 'மாணவன்', என்று கையெழுத்திட்டார். உலகம் இன்றும் அதை 'ஸ்டூடண்டின் டி பரவல்' என்றுதான் அழைக்கிறது.

ஆர். ஏ. பிஷர் என்ற மேதை அதை விரிவாக்கி, 1925-இல் தம் புத்தகத்தில் அட்டவணையாகத் தந்தார். 1937 அக்டோபரில் காசெட் காலமானார். சில மாதங்களில் பிஷர் இந்தியாவுக்கு வந்தார். பேராசிரியர் மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகம் அவரை வரவேற்றது.

அட்டவணையைப் பார்ப்பது எப்படி?

அட்டவணையில் முதலில் வரிசையைத் தேட வேண்டும். ஐந்து வயல் என்றால் ஐந்தாவது வரிசை அல்ல, நான்காவது. ஏன்? சராசரி 100-லிருந்து வயல்களின் விலகலைப் பாருங்கள்: 20, குறை 60, 100, குறை 130. ஐந்தாவது விலகலைச் சொல்லவே வேண்டாம். எல்லாம் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். ஆகவே அது 70-தான். சுதந்திரமாக மாறக் கூடியவை நான்குதான். இதைக் காலேஜில் 'டிகிரீஸ் ஆப் பிரீடம்' என்பார்கள்.

அடுத்தது பத்தி. இங்கேதான் நூற்றுமானம் வருகிறது. 97.5-ஆவது நூற்றுமானம் என்றால், 100-க்கு 97.5 பங்கு அந்த எண்ணுக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் 95 பங்கு வேண்டுமானால், இரு ஓரத்திலும் 2.5 பங்கு மிஞ்சும். இடது ஓரத்து 2.5-ஐயும் நடுவிலுள்ள 95-ஐயும் கூட்டினால் 97.5. நான்காவது வரிசையில் அதற்கு நேரே இருப்பது 2.776. சில புத்தகங்களில் இதே பத்திக்கு 'ஒரு ஓரம் 0.025' என்றும், சிலவற்றில் 'இரு ஓரம் 0.05' என்றும் தலைப்பு இருக்கும். மூன்றும் ஒன்றே. கம்ப்யூட்டரில் தேடுகிறவர்களும் எந்தக் கணக்கில் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

5-ஆவது நூற்றுமானம் கேட்டால்? அட்டவணையில் அது இராது. பரவல் இரு பக்கமும் சமமானது. ஆகவே 95-ஆவதைப் பார்த்து, குறைக் குறி போட்டால் போதும். நான்காவது வரிசையில் 95-ஆவது 2.132, ஆகவே 5-ஆவது குறை 2.132.

இரண்டு வாசல்

திருவெள்ளறைக் கோயிலில் இரண்டு வாசல்கள் உண்டு. தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல். ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். எந்தக் காலம் என்று அறிந்துதான் நுழைய வேண்டும்.

நம் கணக்கிலும் அப்படியே. 100-ஐ 42.3-ஆல் வகுத்தால் 2.36. "விளைச்சல் கூடுமா, குறையுமா?" என்று இரு பக்கமும் கேட்பவர் 2.776-ஐத் தாண்ட வேண்டும்; தாண்டவில்லை. "கூடுகிறதா?" என்று ஒரு பக்கம் மட்டும் கேட்பவருக்கு 2.132 போதும், தாண்டிவிட்டது! ஆகவே எந்தக் கேள்வி என்பதை விதைக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். அறுவடையைப் பார்த்துவிட்டுத் தோதான வாசலைத் தேடுவது நேர்மை ஆகாது.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: இன்னும் ஐந்து வயல்களில் சோதிப்பது. பத்து வயல்களில் இதே சராசரியும் இதே மாறுதலும் வந்தால், திட்டப் பிழை 29.9 ஆகக் குறையும். ஒன்பதாவது வரிசையில் எண் 2.262. அப்போது லாபம் 32 கிலோவுக்கும் 168 கிலோவுக்கும் இடையில் நிற்கும். இரண்டு வாசல்களும் திறந்துவிடும்.

அதுவரை ஊர் முழுவதும் மாற வேண்டாம். ஒரு போகம் பொறுத்தால் விதைக் கடன் மிச்சம்.