ஆழ்கடலில் அறியாத உயிர்கள்

பசுமலையில் வாழும் நமக்குக் கடலே தொலைவு. ஆழ்கடல் இன்னும் தொலைவு. ஆயினும் நம் நாட்டவர் அங்கே எட்டிப் பார்த்துவிட்டனர். சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், கோவா ஆய்வு மையம் ஒன்றுடன் இணைந்து, 2024 டிசம்பரில் இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்று ஒன்றைப் படம்பிடித்தது.

அங்கே சூரிய ஒளி இல்லை. நீரின் அழுத்தமோ நாம் உணரும் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 450 மடங்கு. இத்தகைய ஊற்றுகளில் கசியும் ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றம் வீசும் அந்த வாயு, நுண்ணுயிர்களுக்கு ஆற்றல் தருகிறது. அவற்றை நம்பியே இறாலும் புழுவும் பிழைக்கின்றன.

ஆழ்கடல் நுண்ணுயிர்களைக் கணக்கெடுப்பது எளிதன்று. பெரும்பாலானவை ஆய்வகத்தில் வளர்வதே இல்லை. எனவே கைப்பிடிச் சேற்றிலுள்ள மரபணுக்களை மொத்தமாக வாசித்து, எத்தனை வகை உண்டு எனக் கணிக்கின்றனர். ஆளைப் பார்க்காமல் ரேஷன் அட்டையை வைத்தே ஊரை அறிவதுபோல!

2021இல் ஒப்புதல் பெற்ற நம் ஆழ்கடல் திட்டம் கடலடிக் கனிமங்களையும் தேடுகிறது. இதில் அவசரப்படலாகாது என்றே நமக்குத் தோன்றுகிறது. பெரு நாட்டுக்கு அப்பால், கனிம உருண்டைகள் கிடக்கும் கடலடியில் 1989இல் சோதனைக்காகச் சேற்றை உழுதனர். 26 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும், அந்தத் தடங்களில் நுண்ணுயிர்களின் செயல்பாடு குறைந்தே இருந்தது.