உப்பும் இரண்டு கிருமிகளும்

வெயில் ஏற ஏற மரக்காணத்து உப்பளப் பாத்திகளில் நீர் சுண்டுகிறது. உப்புச் செறிவு மிகும்போது உப்பள நீர் சில சமயம் இளஞ்சிவப்பாக மாறுவதுண்டு. அந்தச் சிவப்புக்கு உயிர் உண்டு. உப்பு குறைந்தால் மடிந்துபோகும் நுண்ணுயிர்களின் நிறம் அது. மற்றக் கிருமிகளுக்கு அதே உப்பு நஞ்சு; அவற்றின் உடல்நீரை உறிஞ்சிவிடும். நெத்திலியும் வாளையும் கெடாமல் கருவாடாவது அதனால்தான்.

கிருமியைத் தடுக்கும் அந்த உப்பே நம் இரைப்பைக்குள் ஒரு கிருமிக்குத் துணைபோகிறது என்பதைப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் பெயர். யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு, இரைப்பையின் சளிப்படலத்துக்குள் குடியேறும். அமிலத்தில் கிருமி வாழாது என்று மருத்துவ உலகம் உறுதியாக நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இதைக் கண்டறிந்தார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் அவர் இரைப்பை அழன்றது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதற்கு முன்பே, 1994இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்திருந்தது.

இதன் சில வகைகள் ஊசி போன்ற குழாயால் ‘காக்-ஏ’ என்ற புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் செலுத்துகின்றன. செல்லின் வளர்ச்சிக் கட்டளைகள் குழம்புகின்றன. பக்கத்துச் செல்லோடு அதற்குள்ள பிடிப்பு தளர்கிறது. கூடவே பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் ஆறாத அழற்சி. புண்ணாவதும் ஆறுவதுமாக ஓயாமல் பிரியும் செல்களில் மரபுப் பிழைகள் சேர்கின்றன; அவை ஒருநாள் இரைப்பைப் புற்றாகலாம். உப்பு துணைபோவது இங்கேதான்: மிகையான உப்பு சளிப்படலத்தைக் கெடுக்கிறது. உப்பு மிகுந்த ஊடகத்தில் வளர்த்தபோது சில வகைகள் காக்-ஏ புரதத்தைக் கூடுதலாகவே சுரந்தன.

கருவாட்டுக் குழம்பைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனமில்லை. அது சரியும் அல்ல. எவ்வளவு உப்பு, எத்தனை நாள் என்பதே கேள்வி. புகையிலைக்கும் பங்குண்டு. இக்கிருமியைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை. ஆனால் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுகளில் இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. வயிற்றெரிச்சலுக்குக் கடையில் மாத்திரை வாங்கியே வருடங்களைக் கடத்துபவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. மூச்சுப் பரிசோதனையிலேயே இக்கிருமியைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் ஒழிக்கலாம். இரைப்பையில் வரும் ஒருவகை நிணநீர்ப் புற்று, கிருமியை ஒழித்ததுமே பலருக்குக் கரைந்துபோகிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் அடங்கும் புற்று!

இதற்கு நேர் எதிராக, ஒரு கிருமியே புற்றுக்கு மருந்தான கதை மரக்காணத்துக்கு வடக்கே, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்குகிறது. மாட்டுக் காசநோய்க் கிருமியை வலுவிழக்கச் செய்து உருவாக்கிய காசநோய்த் தடுப்பூசி பி.சி.ஜி. கிண்டியில் 1948 முதல் அதைத் தயாரிக்க ஓர் ஆய்வகம் இருக்கிறது. 1968இல் அந்த மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு அதன் பயனைச் சோதிக்கத் தொடங்கினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற முடிவு உலகையே அதிரவைத்தது.

ஆனால் 1976இல் கனடாவின் அல்வாரோ மொராலஸ், சிறுநீர்ப்பைப் புற்றுள்ள 9 பேருக்கு அதே பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள்ளேயே செலுத்தியதன் பலனை வெளியிட்டார். தசைக்குள் இறங்காத சிறுநீர்ப்பைப் புற்று திரும்ப வராமல் தடுக்க இன்றும் அதுவே முதன்மையான மருந்துகளில் ஒன்று. வாரம் ஒருமுறை, ஆறு வாரம். உயிருள்ள கிருமிகள் கலந்த நீரைக் குழாய் வழியே செலுத்துவார்கள். நோயாளி இரண்டு மணி நேரம் அடக்கிவைக்க வேண்டும். கிருமிகள் சுவரில் ஒட்டுகின்றன, புற்றுச் செல்களுக்குள்ளும் நுழைகின்றன. அதுவரை அந்தச் செல்களைக் கண்டும் வாளாவிருந்த எதிர்ப்பணுக்கள் கிருமியைத் தேடித் திரண்டு வந்து, புற்றையும் சேர்த்து அழிக்கின்றன. அன்றிரவு எரிச்சலும் லேசான காய்ச்சலும் வரலாம். சிறுநீரில் வெள்ளணுக்கள் கூட்டமாக வெளியேறும்.