எல்லை அறியா மணற்கரை

விடுமுறையில் தாயகம் செல்லும் அன்பர்கள் கன்னியாகுமரியைக் காணத் தவறுவதில்லை. அதற்கு வடமேற்கே, கேரள எல்லையோரத்துப் பொழியூரை அடுத்த பொழிக்கரையை நாடுவோர் மிகச் சிலரே. சென்ற விடுமுறையில் தனுவச்சபுரத்து உறவினர் இல்லத்திலிருந்து நாம் அங்கே சென்று வந்தோம்.

சாலையை விட்டிறங்கித் தென்னஞ்சோலையினூடே நடந்தோம். நிழல் முடிந்த இடத்தில் ஆளரவமற்ற மணற்பரப்பு விரிந்தது. அகத்திய மலையில் பிறக்கும் நெய்யாறு இங்குதான் கடலைச் சேர்கிறது. ஆற்றின் வாயை அலைகள் மணலிட்டு அடைப்பதும், மழைவெள்ளம் அதனை உடைப்பதும் உண்டு. அவ்விடமே பொழி, ஊரின் பெயரிலும் அச்சொல் ஒலிக்கிறது.

1-11-1956 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பொழியூர் ஒரு மாநிலமாகவும், தெற்கே நீரோடி மற்றொரு மாநிலமாகவும் ஆயின. மணலில் அக்கோடு தெரிவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலும் அதனைப் பார்க்கவில்லை. இருபுறத்து மீனவர் குடும்பங்களும் உற்றாரை இழந்தன. கடலரிப்பால் வீடிழந்தோரும் இக்கரையில் உளர்.

அலைகள் வலியவை, நீராடுதல் ஆகாது. ஆனி, ஆடி மாதங்களில் கடல் கொந்தளிக்கும். தை, மாசி மாதங்களே ஏற்றவை. அப்போது பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் அம்மக்களுடன் அவர்கள் சற்றே உரையாடட்டும். தூரத்தில் வளரும் நம் பிள்ளைகள், எல்லைக்கு அப்பாலும் உறவு உண்டென்பதை அங்கே எளிதில் உணர்வர்.