சட்டம் தில்லியில், ஆபத்து தெருவில்

புது தில்லி: மும்பை முலுண்ட் ரயில் நிலையத்தில் 2003 மார்ச் 13 இரவு, புறநகர் ரயிலின் மகளிர் பெட்டியில் குண்டு வெடித்து குறைந்தது 10 பேர் உயிரிழந்தனர். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. 2006 ஜூலை 11-ல் மேற்கு ரயில்வே தடத்தில் 7 குண்டுகள் வெடித்தன. அன்று காயமுற்றோரைத் தூக்கி ஓடியவர்களில் முதன்மையானோர் சக பயணிகளும் தண்டவாளத்தை ஒட்டிய குடிசைவாசிகளும்தான்.

2005 டிசம்பரில் நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. தேசிய ஆணையத்துக்குப் பிரதமரும், மாநில ஆணையத்துக்கு முதல்வரும், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரும் தலைவர்கள். மக்களுக்குப் பயிற்சி அளிப்பதும் மாவட்ட ஆணையத்தின் கடமையே. 2025-ல் நிறைவேறிய திருத்தம், பெருநகரங்களுக்குத் தனி ஆணையம் அமைக்க வழி செய்துள்ளது.

ஆணையங்கள் பெருகினால் போதுமா? தன்னார்வலர்களைப் பழக்கும் 'ஆப்த மித்ரா' திட்டம் 2016-ல் தொடங்கி, பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேர் என்ற இலக்குடன் விரிவாக்கப்பட்டது. சராசரியாக மாவட்டத்துக்கு 300 பேர்கூட இல்லை. முலுண்டை உள்ளடக்கிய மும்பை புறநகர் மாவட்டத்தின் மக்கள்தொகையோ, 2011 கணக்கெடுப்பின்படி 93 லட்சத்துக்கும் அதிகம்.

மீட்புப் படை வந்து சேரும் வரை உயிர்கள் அக்கம்பக்கத்தாரின் கைகளில்தான் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு முதலுதவிப் பயிற்சி அளிப்பது அரசின் பொறுப்பு. முன்வந்து கற்றுக்கொள்வது குடியிருப்போரின் பொறுப்பு.