மாதர் மன்றத்திற்கு ஒரு மாலை, வீட்டிற்கு ஒரு தட்டு பிஸ்கட்

வெளிநோயாளர் பிரிவில் எங்கள் செவிலியர் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. நோயாளி எத்தனை மணிக்கு உறங்கினார், எந்த மாத்திரை ஒவ்வாமல் போயிற்று, சர்க்கரை அளவு எவ்வளவு என்ற கேள்விகளுக்கெல்லாம் தயங்காமல் விடை கூறும் மனைவியரும் மகள்களும் மருமகள்களும், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டவுடன் வாய் திறவாமல் நின்றுவிடுகின்றனர். அவர்களை அக்கேள்வி கேட்டார் வெகு நாள்களாக எவரும் இலர்.

அத்தகைய அம்மையார் ஒருவர் எங்கள் உணவியல் வல்லுநரிடம் இவ்வாறு கூறினார்: "முன்பெல்லாம் சனிக்கிழமை மாலையில் எங்கள் தெரு மாதர் மன்றத்திற்குப் போவேன், மேடம். புதிதாகக் கேக்கோ பிஸ்கட்டோ எது கற்றாலும் முதலில் அங்கேதான் கொண்டுபோவேன். இவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு எல்லாம் நின்றுவிட்டது. இவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது. இவர் தொட முடியாததை நான் செய்து மகிழ்வது முறையா? ஓவனைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டேன்."

இவ்விரண்டையும் அவர் கைவிட வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து. அதற்கான காரணத்தையும், இரண்டையும் தீங்கின்றித் தொடரும் வழியையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

உங்கள் ஓய்வு நோயாளிக்குச் சேரவேண்டிய பங்கன்று

நோயாளியை மாதக்கணக்கில் கவனித்து வருபவரிடம் சில அறிகுறிகள் மெல்லத் தோன்றும். உறக்கம் குறையும், சிறு சொல்லுக்கும் சினம் எழும், நோயாளியின் மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பவர் தமது இரத்த அழுத்த மாத்திரையை மறப்பார். இது மனவலிமைக் குறைவன்று. இடைவிடாத உழைப்பின் இயல்பான விளைவு. கவனிப்பவர் தளர்ந்தால் கவனிப்பும் தளரும். ஆதலின் கிழமைக்கு இரண்டு மணி நேரம் நீங்கள் வெளியே செல்வதும், மருந்துச்சீட்டுக்குத் தொடர்பில்லாத ஒன்றைப் பேசிச் சிரிப்பதும், நோயாளிக்கும் சேர்த்துச் செய்யப்படும் உதவியே ஆகும்.

பெண்கள் இவ்வாறு கூடுவது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1917ஆம் ஆண்டிலேயே சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் பின்னர்த் தமிழகமெங்கும் பரவின. பெரிய நோக்கங்களுக்காக எழுந்த இத்தகைய அமைப்புகளிலும், சிறு தெருவின் மன்றங்களிலும், உறுப்பினர்க்குக் கிடைக்கும் ஒரு நன்மை பொதுவானது. அங்கே ஒருவர், இன்னாரின் மனைவி, இன்ன நோயாளியின் மகள் என்றல்லாமல், தம் பெயராலேயே அறியப்படுகிறார்.

ஓவனைத் திறக்கும் முன் அறிய வேண்டுவன

வீட்டில் கேக்கும் பிஸ்கட்டும் செய்வதில் பெரும் நன்மை ஒன்று உண்டு. உள்ளே சேர்ந்த பொருள் எது, எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். கடையில் வாங்கும் பொருளில் அதனை உறையின் சிற்றெழுத்துகளில் தேட வேண்டும். எனினும் வீட்டில் செய்ததனாலேயே ஒரு பண்டம் எல்லார்க்கும் பொருந்திவிடாது.

தூத்துக்குடி மக்ரூனை எடுத்துக்கொள்வோம். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெண்கரு ஆகிய மூன்றே அதன் அடிப்படைப் பொருள்கள், கோதுமை இல்லை. ஆகவே கோதுமையில் உள்ள குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளி அதனை உண்ணலாம். ஆனால் நீரிழிவு உள்ளவர்க்கு அதில் சர்க்கரை மிகுதி. முந்திரி ஒவ்வாதவர்க்கோ அது பேரிடர். எனவே, "இது நல்லதா?" என்று கேட்பதைவிட, "இது எவர்க்கு நல்லது?" என்று கேட்பதே முறையாகும்.

நீரிழிவு உள்ளவர்க்கு: வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவை தீங்கற்றவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இவை அனைத்தும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவனவே. கோதுமை மாவும் கேழ்வரகு மாவும் நார்ச்சத்து மிக்கவை எனினும், மாவுச்சத்து அவற்றிலும் உண்டு. வெள்ளைச் சர்க்கரை சேர்க்காத பண்டத்தையும் அளவோடுதான் உண்ணுதல் வேண்டும். செய்முறையில் கூறிய சர்க்கரையில் முதன்முறை கால் பங்கைக் குறைத்துப் பாருங்கள். சர்க்கரை இனிப்பை மட்டும் தருவதன்று. கேக்கின் ஈரத்தையும் மென்மையையும் பொன்னிறத்தையும் அதுவே காக்கிறது. ஆதலின் ஒரே முறையில் பாதியைக் குறைத்தால் கேக் வறண்டு போகும். படிப்படியாகக் குறைத்தால் நாவும் பழகும்.

இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்க்கு: உப்பு நாவில் தெரியாத இடத்திலும் சோடியம் இருக்கும். ஒரு தேக்கரண்டிச் சமையல் சோடாவில் ஏறத்தாழ 1,250 மில்லிகிராம் சோடியம் உள்ளது. பெரியவர் ஒருவர்க்கு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சோடியம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கேக் பலருக்குப் பகிரப்படுவதால் ஒரு துண்டில் சேர்வது குறைவே. எனினும் அளவை மிஞ்ச வேண்டா. உப்பிடாத வெண்ணெயையே வாங்குங்கள்; வனஸ்பதியைத் தவிருங்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்க்கு: இங்கு வழக்கமான அறிவுரைகள் சில தலைகீழாக மாறும். பிறர்க்கு நன்மை தரும் வாழைப்பழம், பேரீச்சை, கொட்டை வகைகள் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. முழுத்தானிய மாவைவிட மைதாவில் பொட்டாசியமும் பாஸ்பரசும் குறைவு. பேக்கிங் பவுடர் பலவற்றில் பாஸ்பேட் சேர்ந்துள்ளது. "சோடியம் குறைந்த உப்பு" என விற்கப்படுவனவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். மருத்துவரைக் கேளாமல் அதனைச் சேர்க்கவே கூடாது.

விழுங்குவதில் இடர் உள்ளவர்க்கு: பக்கவாதத்திற்குப் பின் சிலர்க்கு உணவு மூச்சுக்குழலில் இறங்கக்கூடும். உதிரும் பிஸ்கட்டும் வறண்ட கேக்கும் அவர்களுக்கு ஆபத்தானவை. விழுங்கும் திறன் பரிசோதிக்கப்பட்ட பின்னரே கொடுங்கள்.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்க்கு: புற்றுநோய் மருந்து பெறுவோர் வேகாத கேக் மாவை விரலால் தொட்டுச் சுவைப்பதும், பச்சை முட்டை சேர்ந்த கிரீமை உண்பதும் கூடா.

தொடங்குவதற்கு ஓர் எளிய செய்முறை

சோடாவும் முட்டையும் தேவைப்படாத கேழ்வரகு பிஸ்கட்டை இங்குத் தருகிறோம். கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், உப்பிடாத வெண்ணெய் 100 கிராம், பொடித்த நாட்டுச் சர்க்கரை 60 கிராம், சிறிது ஏலக்காய்ப் பொடி, பிசைவதற்கு இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டிப் பால் ஆகியன வேண்டும். கேழ்வரகு மாவை வெறும் வாணலியில் மணம் வரும்வரை இளந்தீயில் வறுத்து ஆறவிடுங்கள்; பச்சை வாடை நீங்கும். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மாவுகளையும் ஏலக்காய்ப் பொடியையும் சேர்த்து, பால் தெளித்து அழுத்தாமல் பிசையுங்கள். 24 உருண்டைகளாக்கித் தட்டி, முன்னதாக 170 டிகிரி செல்சியசில் சூடேற்றிய ஓவனில் 12 முதல் 15 நிமிடம் வரை வையுங்கள். எடுக்கும்போது மென்மையாகவே இருக்கும், ஆறியபின் மொறுமொறுப்பாகும். கேழ்வரகின் நிறம் கருமையாதலால் பொன்னிறத்தை எதிர்பார்த்துக் கருக விடாதீர்கள். ஓரம் இறுகுவதே பதம்.

இனி ஒரு சிறு கணக்கு. சேர்த்த சர்க்கரை 60 கிராம், பிஸ்கட் 24, ஆகவே ஒன்றில் இரண்டரை கிராம் சர்க்கரை. மாவையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு பிஸ்கட்டில் சுமார் 8 கிராம் மாவுச்சத்தும், 4 கிராம் வெண்ணெயும் உள்ளன. எந்தச் செய்முறையையும் இவ்வாறு எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கலாம். உணவியல் வல்லுநர் உங்கள் வீட்டு நோயாளிக்கு வகுத்த அளவில் இது அடங்குமா என்பது அப்போது விளங்கும். மாலைச் சிற்றுண்டிக்கு மாற்றாக இரண்டு என்பது வேறு. சிற்றுண்டியும் உண்டு அதன்மேல் இரண்டு என்பது வேறு.

மன்றத்திற்குச் செல்லும் நாளில்

முதலில் நோயாளியிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். "உங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது" என்ற சொல் விளையாட்டாகவும் வரலாகாது. "ஆறு மணிக்கு வந்துவிடுவேன், அங்கு நடந்ததை எல்லாம் சொல்கிறேன்" என்று கூறுங்கள், சொன்ன நேரத்தில் திரும்புங்கள். வெளியுலகம் அவர்க்கும் உங்கள் வழியாகவே வருகிறது.

உடனிருக்கப் போகிறவர் மகனாயினும் அண்டை வீட்டாராயினும், வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த மருந்தின் பெயரும் நேரமும், உண்ணக்கூடியதும் கூடாததும், உங்கள் கைப்பேசி எண், மருத்துவமனை எண் ஆகியன அதில் இருக்கட்டும். இன்சுலின் அல்லது சர்க்கரைக்கான மாத்திரை பெறுவோர்க்கு மேலும் ஒன்றை எழுதுங்கள். வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றி, சர்க்கரை அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், அவர் விழிப்புடன் விழுங்கக்கூடிய நிலையில் இருப்பின், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அவ்வேளையில் கேக் கொடுப்பது பயன் தராது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவரின் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

மன்றத்திற்குப் பண்டம் கொண்டுசெல்வோர் டப்பாவின் மேல் ஒரு சீட்டை ஒட்டுங்கள். கோதுமை, பால், முட்டை, முந்திரி, நிலக்கடலை, எள் ஆகியவற்றுள் எவை உள்ளன என்று அதில் எழுதினால் போதும். ஒரு வயது நிரம்பாத குழந்தை இருக்கும் வீட்டிற்குத் தேன் சேர்ந்த பண்டம் கொடுப்பதாயின், குழந்தைக்குத் தரலாகாது என்று சொல்லிக் கொடுங்கள். "வேண்டாம்" என்று ஒருவர் கூறினால் மீண்டும் வற்புறுத்தாதிருப்பதும் விருந்தோம்பலே.

மன்றத்தில் அன்பு மிகுதி, அறிவுரையும் மிகுதி. "என் நாத்தனார் இந்தக் கசாயத்தால் மாத்திரையையே நிறுத்திவிட்டார்" என்று எவரேனும் சொல்லக்கூடும். நன்றி கூறிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மருந்தை நிறுத்துவதையும் மாற்றுவதையும் மருத்துவரிடம் மட்டுமே முடிவு செய்யுங்கள். பிறர் மாத்திரையை வாங்கி வராதீர்கள். நோயாளியின் அறிக்கைகளை அங்கு விரித்துப் பேசுவதற்கு முன், அவர் அதனை விரும்புவாரா என்று எண்ணிப் பாருங்கள்.

புற்றுநோய் மருந்து பெறுபவரைக் கவனிப்போர், ஊரில் காய்ச்சலும் சளியும் பரவும் நாள்களில் கூட்டத்தைத் தவிர்ப்பது நல்லது. மற்ற நாள்களில் வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே நோயாளியின் அருகில் செல்லுங்கள்.

மீண்டும் திறந்த ஓவன்

முன்னர்க் குறித்த அம்மையாரின் கணவர்க்கு விழுங்குவதில் இடர் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. அதன்பின் அவர் கேழ்வரகு பிஸ்கட்டைச் செய்து பார்த்தார். முதல் தட்டு கருகியது. இரண்டாவது நன்கு வந்தது. தட்டி வைத்த மாவின்மேல் முள்கரண்டியால் கோடு பதிப்பது இப்போது அவர் கணவரின் வேலை. வலுக்குறைந்த வலக்கைக்கு அது நல்ல பயிற்சி என்று இயன்முறை மருத்துவரும் கூறினார். கோடுகள் நேராக இருப்பதில்லை. சனிக்கிழமை மன்றத்தில் அந்தக் கோணல் கோடுகளைக் கண்டே, "இது உங்கள் வீட்டுப் பிஸ்கட்" என்று எல்லாரும் அடையாளம் கண்டுகொள்கிறார்களாம்.

உங்களிடமும் நெடுநாளாக மூடி வைத்த செய்முறை ஏதேனும் இருக்கலாம். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மருந்துச்சீட்டோடு அதனையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். எதைக் குறைக்கலாம், எதை மாற்றலாம், எவர்க்கு எத்தனை என்பதை எங்கள் உணவியல் பிரிவில் உங்களோடு அமர்ந்து கணக்கிட்டுத் தருகிறோம். அப்போது, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேட்போம். விடையை எண்ணி வைத்துக்கொண்டு வாருங்கள்.