ஜோசியம் இல்லை... எதிர்காலத்தை ஆராயும் இன்டர்ன்ஷிப்! தருமபுரி மாணவர்களுக்குக் கதவு எங்கே?

தருமபுரி மாவட்டக் கிராமங்களில் பழுப்புக் கறை படிந்த பற்களோடு பலரைப் பார்க்கலாம். அது வெற்றிலைக் கறை இல்லை. சிறு வயதில் குடித்த தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு செய்த வேலை.

திறந்தவெளிக் கிணறுகள் வற்றியதும் ஊரெங்கும் போர் போட்டார்கள். ஆழம் போகப்போக, பாறையில் நெடுங்காலம் தேங்கிய தண்ணீர் ஃபுளோரைடையும் சேர்த்துக்கொண்டு மேலே வந்தது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லுக்கும் எலும்புக்கும் ஆபத்து. இதைச் சரிசெய்ய, ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது.

முதல் போர் போட்ட நாளிலேயே, ‘இப்படியே போனால் 30 வருஷத்தில் என்ன ஆகும்?’ என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால்? அந்தக் கணக்குக்குத்தான் இன்று ‘எதிர்கால ஆய்வு’ என்று பெயர். அதைக் கற்றுக்கொள்ள இன்டர்ன்ஷிப்களும் இருக்கின்றன.

என்ன செய்வார்கள்?

‘2050-ல் இதுதான் நடக்கும்’ என்று இவர்கள் சொல்வதில்லை. ‘மழை குறைந்தால் இப்படி, பயிரை மாற்றினால் அப்படி’ என்று மூன்று, நான்கு பாதைகளை வரைந்து காட்டுவார்கள். எந்தப் பாதையில் போவது என்பதை அரசும் மக்களும் முடிவு செய்ய வேண்டும்.

இது நமக்குப் புதிதில்லை. 1988-ல் மத்திய அரசு தொடங்கிய ‘டைஃபாக்’ அமைப்பு, அப்துல் கலாம் தலைமையில் நூற்றுக்கணக்கான நிபுணர்களிடம் கருத்துக் கேட்டு, 1996-ல் ‘தொலைநோக்கு 2020’ அறிக்கைகளை வெளியிட்டது.

வெளிநாட்டில்...

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே, லக்சன்பர்க் என்ற ஊரில், பழைய அரண்மனை ஒன்றில் இயங்குகிறது ‘ஐயாசா’ ஆய்வு நிறுவனம். தண்ணீர், உணவு, எரிசக்தி, மக்கள்தொகை என உலகத்துக்கே கணக்குப் போடும் இடம் இது. 1977 முதல், ஒவ்வொரு கோடையிலும் சுமார் 50 பிஹெச்.டி மாணவர்களை மூன்று மாதப் பயிற்சிக்கு அழைக்கிறது. இந்தியா உறுப்பு நாடு என்பதால் நம் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வானவர்களுக்கு அந்தந்த உறுப்பு நாட்டு அமைப்புகள் நிதியுதவி செய்வது வழக்கம். இந்தியாவுக்கு அந்த அமைப்பு, டைஃபாக்.

வாஷிங்டனில் இருக்கும் ‘மில்லேனியம் புராஜெக்ட்’ 1996-லிருந்து உலக நாடுகளின் எதிர்காலத்தை ஆராய்கிறது. இங்கும் இன்டர்ன்களை எடுக்கிறார்கள்.

இங்கே...

கல்லூரி மாணவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கதவு, டெல்லி நிதி ஆயோக் இன்டர்ன்ஷிப். ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை. ஆனால், சம்பளம் கிடையாது. பட்டப்படிப்பு மாணவர்கள் ப்ளஸ் டூ-வில் 85 சதவிகிதம் எடுத்திருக்க வேண்டும்.

சிக்கலே இங்குதான். பென்னாகரத்தில் அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போக, பாட்டியோடு இருந்து படிக்கும் ஒரு மாணவியால், கைக்காசு போட்டு டெல்லியில் ஆறு வாரம் அறை எடுத்துத் தங்க முடியுமா? வறட்சியையும் பிழைப்புக்காக ஊர்விட்டுப் போவதையும் நேரில் பார்த்தவர் அவர்தான். எதிர்காலம் பற்றிப் பேசும் மேஜையில் அவருக்கு நாற்காலி இல்லையென்றால், அந்த அறிக்கையில் தருமபுரியும் இருக்காது.

அந்த வகையில், தமிழ்நாடு அரசின் ‘முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம்’ முக்கியமானது. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த இந்த இரண்டு வருடத் திட்டத்தில், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் இளைஞர் நியமிக்கப்பட்டு, காலநிலை மாற்றப் பணிகளில் மாவட்ட நிர்வாகத்தோடு வேலை செய்கிறார். மாத உதவித்தொகையும் உண்டு. அறிவிப்பு எப்போது வருகிறது என்று கவனித்துக்கொண்டே இருங்கள்.

இப்போதே தொடங்கலாம்!

* உங்கள் ஊரில் ஒரு பிரச்னையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், ராகி, மாம்பழம்... எதுவானாலும் சரி.

* பத்து வருட மழை அளவு, போர் ஆழம், பயிர்ப் பரப்பு ஆகியவற்றைச் சேகரியுங்கள். மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் கேட்கலாம்.

* விவசாயி, வி.ஏ.ஓ., போர் லாரிக்காரர், ஆசிரியர் எனப் பத்துப் பேரிடம் தனித்தனியாக, ‘2040-ல் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். பிறகு, பெயர் சொல்லாமல் மற்றவர்களின் பதிலைக் காட்டி, மறுபடியும் கேளுங்கள். உலகம் முழுக்கப் பயன்படும் ‘டெல்ஃபி’ முறை இதுதான்.

* கிடைத்ததை மூன்று பாதைகளாக ஐந்து பக்கத்தில் எழுதுங்கள். எந்த இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்தாலும், ‘எனக்கு ஆர்வம் உண்டு’ என்ற வரியைவிட இந்த ஐந்து பக்கம் அதிகம் பேசும்.

ஓர் எச்சரிக்கை... ‘சர்வதேச இன்டர்ன்ஷிப்’ என்று சொல்லி முன்பணம் கேட்டால் உஷாராகிவிடுங்கள். தேதி, தகுதி எல்லாவற்றையும் அந்தந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பாறைக்குள் இருந்த ஃபுளோரைடை அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த 30 வருடத்துக்கான கணக்கையாவது, அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த வீட்டுப் பிள்ளைகள் போடட்டும்!